மாணவர் எடுக்கும் மிகுபுனைவு முன்னோட்டம்: எந்த உத்திகளை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?

கேள்வி – எழுதியவர்: நிழல்தேடி

வணக்கம். நாங்கள் காட்சித் தொடர்பியல் பயிலும் ஐந்து மாணவர்கள். செய்முறைப் பாடத்துக்காக ஒரு மிகுபுனைவுப் (ஃபேன்டசி) படத்தின் முன்னோட்டத்தை, ஏறத்தாழ ஒன்றரை நிமிட அளவில், உருவாக்கித் தர வேண்டும். முழுப் படத்தை நாங்கள் எடுக்கப்போவதில்லை. அப்படியொரு படம் இருக்கிறது என்று பார்ப்பவர் நம்பினால் போதும். படப்பிடிப்புக்கு முன், எந்தெந்தப் படைப்பு உத்திகளைக் கையாளப்போகிறோம், ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கும் திட்ட அறிக்கையையும் அளிக்க வேண்டும்.

கதை இதுதான். மாலை மயங்கியதும் மனிதர்களின் நிழல்கள் உடலை விட்டுப் பிரிந்து அலையத் தொடங்கும் ஓர் ஊர் இருக்கிறது. விடிவதற்குள் திரும்பாத நிழலுக்கு உரியவரை அந்த ஊரே மறந்துவிடும். அவ்வாறு எல்லோராலும் மறக்கப்பட்ட தம்பியை அவனுடைய அக்கா மட்டும் மறக்கவில்லை. அவனது நிழலைத் தேடி, நிழல்கள் ஒதுங்கும் மறுபக்கத்துக்குள் அவள் நுழைகிறாள். அங்கே பேருருவம் கொண்ட காவலாளி ஒருவனும், நிழல்களைத் தின்னும் சிறகுள்ள விலங்கு ஒன்றும் இருக்கின்றன. படத்துக்குப் 'பிரிநிழல்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நாங்கள் இதுவரை எழுதி வைத்திருக்கும் உத்திகள்: ஸ்லோ மோஷன், டிரோன் காட்சி, பச்சைத் திரையில் எடுத்து ஒட்டும் மாயவாசல், ஒளிரும் வாள், முப்பரிமாணக் கணினி வரைகலையில் சிறகு விலங்கு, சாய்ந்த கோணங்கள், நீல நிற இரவு, கம்பீரமான பின்னணிக் குரல், இறுதியில் மிக வேகமான வெட்டுகள். எங்களிடம் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் உள்ள ஒரு கேமராவும், அதற்கு 18–55 மி.மீ. லென்ஸும், இரண்டு திறன்பேசிகளும், ஒரு முக்காலியும், இரண்டு எல்இடி விளக்குகளும், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கின்றன. இந்தப் பட்டியல் நீளமாக இருப்பது எங்களுக்கே தெரிகிறது. ஆனால் எதை வெட்டுவது என்பதில்தான் குழுவுக்குள் உடன்பாடு இல்லை. எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – எழுதியவர்: வெட்டுமேசை

படத்தொகுப்பாளன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் பட்டியலை எந்த மிகுபுனைவுப் படத்துக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். அதுதான் அதிலுள்ள குறை. உங்கள் கதைக்கு மட்டுமே பொருந்துவது என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கதையிலோ மிகத் தெளிவான ஒரு விதி இருக்கிறது: இருட்டினால் நிழல் பிரியும், திரும்பாவிட்டால் ஆள் மறக்கப்படுவான். ஆகவே ஒவ்வோர் உத்தியையும் எடுத்து, இது நிழலைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ மறதியைப் பற்றியோ எதையாவது சொல்கிறதா என்று கேளுங்கள். சொல்லவில்லையென்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறொரு படத்துக்கு உரியது.

அடுத்தது கணக்கு. தொண்ணூறு விநாடியில் எழுத்துகளுக்கும் கறுப்புத் திரைக்கும் பத்து விநாடியை ஒதுக்கினால் எண்பது விநாடி மிஞ்சும். சராசரியாக ஒரு ஷாட் இரண்டு விநாடி என்று கொண்டால் மொத்தம் நாற்பது ஷாட்டுகள்தாம். அவற்றில் தந்திரக் காட்சிகள் எட்டோ பத்தோ இருந்தாலே நிறைவாக இருக்கும். முன்னோட்டம் என்னும் வடிவம் மாணவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது: முழுப் படத்தில் ஒரு தந்திரம் பத்து விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும், முன்னோட்டத்தில் ஒன்றரை விநாடி பிடித்தால் போதும். குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த ஷாட்டுக்குப் போயிருப்பீர்கள்.

பின்னணிக் குரலைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். 'பல நூற்றாண்டுகளுக்கு முன்பு' என்று தொடங்கும் குரல், நீங்கள் காட்ட வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காட்சிகளை வெறும் விளக்கப்படங்களாக ஆக்கிவிடும். அதற்குப் பதிலாக, முதல் இருபது விநாடியில் விதியைக் காட்டுங்கள். ஒரு பெண் சுவரோரமாக நடந்து வருகிறாள், நின்றுவிடுகிறாள், அவள் நிழல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு ஷாட் எல்லா விளக்கத்தையும் தந்துவிடும். அதன் பிறகு, உணவு மேசையில் தம்பியின் நாற்காலியை அம்மா சாதாரணமாக எடுத்து ஓரத்தில் வைப்பதைக் காட்டினால் மறதியும் வந்துவிடுகிறது. குரல் வேண்டுமானால், கதைக்குள்ளேயே பேசப்படும் ஒற்றை வரியாக இருக்கட்டும், "எந்தத் தம்பி?" என்று அம்மா கேட்பது எந்தக் கம்பீரக் குரலையும் விடப் பயமுறுத்தும்.

வேகமான வெட்டுகளைப் பொறுத்தவரை, ஷாட்டுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போவது மட்டும் வேகம் ஆகாது. நான்கைந்து குறுகிய ஷாட்டுகளுக்குப் பின் அசையாத நீண்ட ஷாட் ஒன்று வந்தால்தான் முன்னதன் வேகம் உறைக்கும். முன்னோட்டங்களில் காட்சிகளுக்கிடையே கறுப்புத் திரை வந்துபோவது வழக்கம். பெரும்பாலும் அதற்குப் பொருள் ஏதும் இருப்பதில்லை. உங்கள் படத்தில் இருட்டு என்றாலே ஆபத்து. ஆகவே விளக்கு அணைவதையே வெட்டாக வையுங்கள்: விளக்கு அணைகிறது, கறுப்பு, மீண்டும் எரியும்போது வேறோர் இடம். பார்ப்பவர் ஒவ்வொரு கறுப்பையும் அஞ்சத் தொடங்குவார்.

ஸ்லோ மோஷனை ஒரே இடத்தில் வையுங்கள், அதுவும் எடுக்கும்போதே தீர்மானியுங்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுத்து, தொகுப்பு மென்பொருளில் 24 ஃபிரேம் டைம்லைனில் இட்டால் அசைவு 40 விழுக்காடு வேகத்தில் சீராக ஓடும். 24 ஃபிரேமில் எடுத்ததைத் தொகுப்பின்போது இழுத்தால் திக்கித் திக்கித்தான் ஓடும். இறுதியாக ஒன்று: அக்கா நிழலைக் கண்டுபிடித்தாளா என்பதை எந்த ஷாட்டிலும் காட்டிவிடாதீர்கள். முன்னோட்டம் கேள்வியோடு நிற்க வேண்டும்.

மறுமொழி 2 – எழுதியவர்: ஒளிமானி

மேலே உள்ளவர் நிழல் பிரியும் ஷாட்டைச் சொல்லிவிட்டார். அதை எப்படி எடுப்பது என்று நான் சொல்கிறேன். இதற்குக் கணினி தேவையே இல்லை. நடிகையின் மேல் விழும் முதன்மை ஒளியைப் பக்கவாட்டில் வைத்து, அவளுடைய சொந்த நிழல் ஃபிரேமுக்கு, அதாவது படச் சட்டகத்துக்கு, வெளியே விழும்படி செய்யுங்கள். இன்னொரு விளக்கைக் கேமராவுக்குப் பின்னால் ஒரு பக்கமாக வைத்து, அதற்கும் சுவருக்கும் இடையே, ஃபிரேமுக்கு வெளியே, அதே உயரமும் அதே தலையலங்காரமும் உள்ள இன்னொருவரை நடக்கச் சொல்லுங்கள். சுவரில் தெரியும் நிழல் அவருடையது. இருவரும் எண்ணிக்கை சொல்லிக்கொண்டு ஒரே அடிவைப்பில் நடந்து, குறித்த எண்ணில் ஒருவர் மட்டும் நின்றுவிட்டால், நிழல் பிரிந்து போய்விடும். இரண்டாவது விளக்கு நடிகையின் மேல் படாமல் கறுப்பு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். கடினமான வேலை அது ஒன்றுதான்.

நிழலின் விளிம்பு கூர்மையாக வர வேண்டுமானால் ஒளிமூலம் சிறியதாக இருக்க வேண்டும். எல்இடி பேனல் அகலமானது, ஆகையால் அது மங்கிய விளிம்பையே தரும். திறன்பேசியின் டார்ச் ஏறக்குறைய ஒரு புள்ளி என்பதால், இருட்டறையில் அது தரும் நிழல் வியப்பூட்டும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். ஒளி போதாத குறையைக் கேமராவின் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டிச் சரிசெய்யலாம். ஆள் விளக்கை நெருங்கினால் நிழல் பெருக்கும், விளிம்பும் மங்கும். சுவரை நெருங்கினால் சிறுத்துக் கூர்மையாகும். இந்த இரண்டையும் நடிப்பாகவே பயன்படுத்தலாம்: சாதுவான நிழல்கள் கூர்மையாகவும், தீய நிழல்கள் பெருத்து மங்கியும் இருக்கட்டும்.

டிரோனைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பரந்த நிலக்காட்சிக்காக என்றால் வேண்டாம், ஏனெனில் ஊருக்கு மேலே போனால் மிகுபுனைவுக்குப் பொருந்தாத அத்தனையும் ஃபிரேமுக்குள் வந்துவிடும். பல நாடுகளில் அனுமதியும் வேண்டியிருக்கும். ஆனால் நேர் மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் ஒரு ஷாட் உங்கள் கதைக்கு மிகவும் தேவை, அதற்கு உயரமான மாடி ஒன்று போதும். சூரியன் அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் ஆளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 14 பாகைக்கு இறங்கினால் நான்கு மடங்கு. அந்நேரத்தில் மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் வெறும் புள்ளிகளாகவும், நிழல்களே மனிதர்களாகவும் தோன்றுவார்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் நிழல்கள் எழுந்து நடப்பது போல இருக்கும். உங்கள் முன்னோட்டத்தின் சிறந்த ஷாட்டாக இதுவே அமையக்கூடும்.

நீல இரவுக்கும் அதே வெயிலைப் பயன்படுத்துங்கள். பகலை இரவாக்கும் பழைய உத்தியில், 5600 கெல்வின் பகல் வெளிச்சத்தில் கேமராவின் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிற அமைப்பை) 3200 கெல்வினில் வைத்தால் படம் நீலமாகும். ஒளியளவை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்க வேண்டும். வானம் ஃபிரேமுக்குள் வரவே கூடாது. பிற படங்களில் இந்த உத்தியைக் காட்டிக்கொடுப்பது தரையில் விழும் கூர்மையான நிழல்கள்தாம். உங்கள் படத்தில் அந்த நிழல்களே வேண்டியிருப்பதால், குறையே உங்களுக்கு வாய்ப்பாகிறது. நீலத்தை மட்டும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறச் செறிவைக் குறைத்தால்தான் நிலவொளி போலத் தோன்றும்.

பேருருவக் காவலாளிக்கு வலிந்த தொலைவுக்காட்சி, அதாவது ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ், பொருத்தமானது. காவலாளி அக்காவைப் போல இரண்டு மடங்கு பெரியவனாகத் தெரிய வேண்டுமானால், கேமராவிலிருந்து அவன் ஒன்றரை மீட்டரிலும் அவள் மூன்று மீட்டரிலும் நிற்க வேண்டும். இருவரும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். உங்கள் கேமராவில் 24 மி.மீ. நீளத்தில் லென்ஸின் துளையை எஃப்/11 என்ற சிறிய அளவில் வைத்து 2.6 மீட்டரில் குவித்தால், சுமார் 1.3 மீட்டர் முதல் முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். அவ்வளவு சிறிய துளைக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், எனவே வெட்டவெளியில் எடுங்கள். திறன்பேசியின் சென்சார் சிறியது என்பதால் இந்த ஆழம் அதில் இயல்பாகவே கிடைத்துவிடும். இந்த ஒரு காட்சிக்குத் திறன்பேசியே சிறந்த கேமரா என்று கூடச் சொல்வேன். கேமரா இம்மியும் நகரக் கூடாது. இருவரின் பாதங்களும் தரையில் படும் இடம் ஏதேனும் பொருளால் மறைக்கப்பட வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வெளியே குறித்து வைத்த புள்ளிகளையே பார்க்க வேண்டும், அப்போதுதான் பார்வைக் கோடுகள் திரையில் சந்திக்கும். ஒருவரின் நிழல் மற்றவர் பக்கம் நீண்டால் தந்திரம் அம்பலமாகிவிடும்; ஆகையால் இதை மட்டும் மேகமூட்டமான நேரத்தில் எடுப்பது நல்லது. காவலாளிக்கு நிழலே கிடையாது என்று கதையில் ஒரு விதியைச் சேர்த்துவிட்டால் அந்த மேகமூட்டத்துக்கும் பொருள் கிடைத்துவிடும்.

நிழல்தேடி எழுதியது

இரண்டு மறுமொழிகளுக்கும் மிக்க நன்றி. மேலிருந்து எடுக்கும் ஷாட்டைக் கேட்டதும் டிரோனை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒருசேர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மூன்று ஐயங்கள் மீதமிருக்கின்றன. முதலாவது, மாயவாசல்: அதைப் பச்சைத் திரையில் எடுப்பதாகவே இன்னும் திட்டம். இரண்டாவது, சிறகு விலங்கு: எங்களில் ஒருவர் முப்பரிமாண வரைகலைக்கான பிளெண்டர் மென்பொருளை ஓரளவு அறிந்தவர், அவர் அதை உருவாக்கிவிடலாம் என்கிறார். மூன்றாவது, ஒளிரும் வாள்: வாளுக்குச் சாதாரணக் கட்டையைப் பிடித்து நடித்துவிட்டுப் பின்னர் ஒளியைச் சேர்க்க எண்ணியிருக்கிறோம்.

மறுமொழி 3 – எழுதியவர்: அடுக்குப்படம்

காட்சி விளைவுகளே என் வேலை. ஆகவே கணினி வரைகலைக்கு எதிராக எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆயினும் இந்தக் கதைக்குப் பச்சைத் திரை தவறான தேர்வு என்றே நினைக்கிறேன். பச்சைத் திரையிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுக்கும்போது, அவருடைய நிழல் திரையோடு போய்விடுகிறது அல்லது அழுக்காக மிஞ்சுகிறது. பிறகு புதிய பின்னணியில் அந்த நிழலைச் செயற்கையாக வரைய வேண்டும். நிழலைப் பற்றிய ஒரு படத்தில் எல்லோரும் உற்றுப் பார்க்கப்போவது நிழலைத்தான். போலி நிழல் அங்கே உடனே பிடிபட்டுவிடும்.

வேறு எதற்காவது பச்சைத் திரை தவிர்க்க முடியாததாகிவிட்டால் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: பெரும்பாலான மாணவர் கேமராக்களும் திறன்பேசிகளும் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன, அதாவது நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற அளவிலேயே சேமிக்கப்படுகிறது. முடியோரங்கள் பல்பல்லாக வெட்டுப்படுவதற்குக் காரணம் அதுவே. 4கே தெளிவுத்திறனில் எடுத்து, அதைவிடக் குறைந்த 1080 தெளிவுத்திறனில் முடித்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். திரையைத் தனியாக, சமமாக ஒளியூட்டி, நடிகரை அதிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள்.

மாயவாசலுக்கு என் பரிந்துரை: உண்மையான ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் உங்கள் எல்இடி பேனலை வைத்து, கதவு திறக்கும்போது ஒளி அக்காவின் முகத்தில் பட்டு அவள் நிழல் பின்னோக்கி நீளட்டும். கதவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டவே வேண்டாம். சுழலும் வாயில் ஏதாவது தெரிய வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தால், கண்ணாடித் தொட்டியில் நீரை நிரப்பி மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பின்னாலிருந்து ஒளியூட்டி, 60 ஃபிரேமில் எடுங்கள். வெண்பின்னணியில் கரிய மை படர்வதைத் தொகுப்பு மென்பொருளின் 'மல்டிப்ளை' என்னும் கலப்பு முறையில் மேலே இட்டால் வெண்மை மறைந்து கருமை மட்டும் தங்கும். கறுப்புப் பின்னணியில் வெண்ணிற மையை எடுத்தால் 'ஸ்கிரீன்' முறையில் கருமை மறையும். தொட்டியின் அடியில் உப்புநீரையும் அதன்மேல் மெதுவாக நன்னீரையும் ஊற்றினால், அடர்த்தி மாறும் தளத்தில் மை மேகம் போலப் பரவி நிற்கும். படத்தைத் தலைகீழாக்கினால் அதே மை மேலெழும் புகையாகிவிடும்.

மறுபக்கத்தின் உலகத்துக்கு நான் பின்னோக்கி ஓடும் காட்சியைப் பயன்படுத்துவேன். நடிகை பின்னால் நடந்து செல்வதை எடுத்து, அதைத் திருப்பி ஓட்டினால் அவள் முன்னால்தான் நடக்கிறாள், ஆனால் எடை வைக்கும் விதமும் ஆடையின் அசைவும் எங்கோ பிசகியிருக்கும். உதிர்ந்த இலைகள் மேலே எழும், புகை வாய்க்குள் திரும்பும். அந்த உலகத்தில் காலம் நேராக ஓடவில்லை என்பதைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. காவலாளி திடீரென மறைய வேண்டுமானால் கேமராவை நிறுத்தித் தொடங்கும் உத்தி இருக்கிறது. 1896ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியே நாற்காலியில் அமர்ந்த பெண்ணை அப்படித்தான் மறையவைத்தார். முக்காலி அசையாமலும், ஒளியளவும் குவியமும் தானியங்கி முறையில் இல்லாமலும் இருந்தால் இன்றும் அது வேலை செய்யும்.

விலங்கைப் பற்றி: பிளெண்டரில் சிறகுள்ள ஓர் உயிரை உருவாக்கி, எலும்புக்கட்டு அமைத்து, அசைவூட்டி, கேமரா நகர்வோடு பொருத்தி, ஒளியை இணங்கவைப்பது ஒருவருக்கு ஒரு பருவத்தை முழுவதும் தின்றுவிடும் வேலை. அது நிழலைத் தின்னும் விலங்கு. அதை ஏன் நிழலாகவே காட்டக் கூடாது? தடித்த அட்டையில் உடலையும் சிறகுகளையும் தனித்தனியாக வெட்டி, மூட்டுகளில் கம்பியால் இணைத்து, டார்ச்சுக்கு முன்னால் ஆட்டுங்கள். அட்டையை விளக்கருகே கொண்டுபோனால் சுவர் முழுவதையும் அந்த விலங்கு அடைத்துக்கொள்ளும். 1926இல் ஜெர்மானிய அசைவூட்டக் கலைஞர் லொட்டே ரைனிகர், பெரும்பாலும் வெட்டிய உருவங்களின் நிழலுருக்களைக் கொண்டே ஒரு முழுநீளத் திரைப்படத்தை முடித்தார். உங்களுக்குத் தேவைப்படுவது மொத்தமாக ஆறேழு விநாடி. அதிலும் பாதி நேரம் அந்த நிழல் கடந்து போகும் முகங்களைத்தான் காட்டப்போகிறீர்கள். பிளெண்டர் அறிந்த நண்பரின் திறமை வீணாக வேண்டாம். மை, புகை, நிழல் ஆகிய அடுக்குகளைச் சேர்க்கவும், சுவரில் தெரியும் விளக்குக் கம்பிகளை அழிக்கவும் அவர் கட்டாயம் தேவைப்படுவார்.

வாள் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இதே விடைதான். பின்னர் சேர்க்கும் ஒளி நடிகையின் கன்னத்தில் படாது, சுவரில் நிழலை அசைக்காது. எல்இடி பட்டையை ஒளி ஊடுருவும் குழாயில் நுழைத்துக் கையில் கொடுத்தால் எல்லாம் தானாகவே நிகழும். இன்னும் ஒரு படி போய்க் கேட்கிறேன்: நிழல்களோடு போராடுகிற பெண்ணுக்கு வாள் எதற்கு? கைவிளக்கு ஒன்று போதாதா? இது இயக்குநர் முடிவு செய்ய வேண்டியது, எனக்கு அதில் உரிமை இல்லை.

மறுமொழி 4 – எழுதியவர்: செவிவழி

இதுவரை ஒருவரும் ஒலியைத் தொடவில்லை. முன்னோட்டத்தின் பாதி ஒலிதான். அதுவும் உருவமே இல்லாத ஒரு விலங்கு உங்களிடம் இருக்கும்போது, அதன் உடலை ஒலியால்தான் கட்ட வேண்டும்.

நிழலுக்கு இயல்பாக எந்த ஓசையும் கிடையாது. எனவே பிரிந்த நிழலுக்கு நீங்கள் எந்த ஓசையைக் கொடுத்தாலும் அது ஒரு விதியாகிவிடும். தரையில் துணி உரசும் ஓசையை நெருக்கமாகப் பதிவு செய்து, நிழல் நகரும் ஒவ்வொரு முறையும் அதை மட்டும் வையுங்கள். மூன்று முறை கேட்டதும் பார்ப்பவர் பழகிவிடுவார். அதன் பின் நிழலைக் காட்டாமல் அந்த ஓசையை மட்டும் கேட்கவைத்தாலே போதும். விலங்கின் மூச்சுக்கு உங்களில் ஒருவர் மூச்சையே பதிவு செய்து வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஓர் எட்டிசை, அதாவது ஒரு ஆக்டேவ், இறங்கும். கருவி அனுமதித்தால் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். மைக்ரோஃபோனும் உயர் அதிர்வெண்களைப் பிடிக்கக்கூடியதாக இருந்தால், வேகத்தைக் குறைத்த பிறகும் ஒலி மந்தமாகாது.

எல்லா முன்னோட்டங்களிலும் வரும் அந்தப் பெரிய தாழ்சுருதி முழக்கத்தை நீங்களும் வைக்க விரும்புவீர்கள். மதிப்பீடு செய்பவர் மடிக்கணினியிலோ திறன்பேசியிலோ பார்த்தால் அதில் பெரும்பகுதி கேட்கவே கேட்காது. அந்தச் சிறிய ஒலிபெருக்கிகள் ஆழமான அதிர்வெண்களைத் தருவதில்லை. முழக்கத்தின் மேல் மரம் முறிவது போன்ற நடு அதிர்வெண் ஓசை ஒன்றைச் சேர்த்தால் சிறிய கருவியிலும் அதன் அடி உணரப்படும். அதைவிட வலிமையானது அமைதி. விலங்கின் நிழல் அக்காவின் மேல் கவியும் இடத்தில் இசை, சூழல் ஓசை அனைத்தையும் ஒரு முழு விநாடிக்கு நிறுத்திவிடுங்கள். பிறகு வரும் எதுவும் பெரியதாகவே கேட்கும்.

ஒரு காட்சியின் ஒலி அதற்கு முந்தைய காட்சியிலேயே தொடங்கும் ஜே-கட் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும். அம்மாவின் "எந்தத் தம்பி?" என்ற வரி கறுப்புத் திரையில் முதலில் கேட்டு, பிறகு அவள் முகம் தெரியட்டும்.

காட்சிகளை வெட்டத் தொடங்கும் முன்பே இசையைத் தேர்ந்தெடுங்கள், உரிமத்தையும் அப்போதே பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பாளர் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) என்று போட்டிருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 'என்டி' என்ற குறி இருந்தால் வழிப்படைப்புகளுக்கு, அதாவது அதை மாற்றி உருவாக்கும் படைப்புகளுக்கு, அனுமதி இல்லை. இசையைக் காட்சியோடு ஒத்திசைத்து இணைப்பது அந்த உரிமங்களின்படி வழிப்படைப்பாகவே கருதப்படும், ஆகவே அதைப் பயன்படுத்த முடியாது. 'எஸ்ஏ' இருந்தால் உங்கள் முன்னோட்டத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்கும். 'பிஒய்' மட்டும் உள்ளவற்றுக்குப் பெயர் குறிப்பிட்டால் போதும். 'சிசி0' என்றால் அதுவும் கட்டாயமில்லை.

மறுமொழி 5 – எழுதியவர்: திட்டப்பலகை

மாணவர் திட்டங்களை மதிப்பிடுபவன் என்ற முறையில் அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான அறிக்கைகள் 'பதற்றத்தை உண்டாக்கச் சாய்ந்த கோணம் பயன்படுத்தப்படும்' என்ற வகையில் எழுதப்படுகின்றன. அதிலிருந்து எந்தக் காட்சி, யாருடைய பதற்றம், நேராக எடுத்தால் என்ன இழப்பு என்று எதுவும் தெரிவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'அக்கா கதவைத் தாண்டும் வரை எல்லா ஷாட்டுகளிலும் கேமரா முக்காலியில் நேராக இருக்கும், தாண்டிய பிறகு வரும் காட்சிகளில் மட்டும் அது சாய்ந்திருக்கும், ஆகவே சாய்வு என்பது மறுபக்கத்தின் அடையாளமாகிறது, இறுதியில் அம்மாவின் சமையலறை சாய்ந்து தெரியும்போது மறுபக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பார்ப்பவர் சொல்லாமலே உணர்வார்.' இப்போது அது உத்தி. முன்னது வெறும் பெயர். நிறத்தையும் இதே முறையில் எழுதலாம், ஆனால் கோணம், நிறம் இரண்டையும் ஒரே பொருளுக்குச் செலவிட வேண்டாம்.

எதை ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பச்சைத் திரையை நிழல் காரணமாகத் தவிர்த்தீர்கள் என்ற ஒரு பத்தி, நீங்கள் கையாண்ட உத்திகளைப் பற்றிய மூன்று பக்கங்களை விடச் சிந்தனையைக் காட்டும். ஒவ்வொரு தந்திரத்துக்கும் சோதனைப் படம் ஒன்றையும், அது பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மாற்றுவழியையும் இணையுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக ஸ்டோரிபோர்டை, அதாவது ஷாட்டுகளின் பட வரிசையை, அசையவைத்துப் பாருங்கள்: திறன்பேசியில் எடுத்த நிழற்படங்களை வரிசைப்படுத்தி, தற்காலிக ஒலியோடு தொண்ணூறு விநாடிக்கு ஓட்டுங்கள். எந்த உத்தி தேவையற்றது என்பதில் உங்கள் குழுவின் சச்சரவு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

படப்பிடிப்பு அட்டவணையில் ஓர் எச்சரிக்கை. நீண்ட நிழல் கிடைக்கும் நேரம் காலையிலும் மாலையிலும் குறுகியது. மேலிருந்து எடுக்கும் ஷாட்டையும் பகலை இரவாக்கும் ஷாட்டையும் ஒரே மாலையில் அடுக்காதீர்கள். சூரியன் இறங்க இறங்க நிழலின் நீளம் மாறுவதால், ஒரு காட்சியின் எல்லாக் கோணங்களையும் இடைவெளியின்றி எடுத்துவிட வேண்டும். இருட்டறையில் நடக்கும்போது வடங்களைத் தரையோடு ஒட்டிவிடுங்கள்; பொது இடத்தில் வாள் போன்ற பொருளை ஏந்தி நடிப்பதாக இருந்தால் உரியவர்களிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

நிழல்தேடி எழுதியது

அனைவருக்கும் நன்றி. வாள் போய்விட்டது, கைவிளக்கு வந்துவிட்டது. அது அணைந்து எரிவதே வெட்டுகளின் தாளமாக இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறோம். விலங்கை அட்டையில் வெட்ட, பிளெண்டர் நண்பரே முன்வந்திருக்கிறார். குரல் இல்லை, பச்சைத் திரை இல்லை, காவலாளிக்கு நிழலும் இல்லை. கடைசியாக ஒன்று கேட்கிறேன்: படத்தின் பெயரையும் அதே முறையில், அட்டையில் எழுத்துகளை வெட்டிச் சுவரில் விழவைக்க நினைக்கிறோம். அது எடுபடுமா?

மறுமொழி 6 – எழுதியவர்: அடுக்குப்படம்

எடுபடும், ஆனால் எழுத்துகளை அட்டையில் துளையாக வெட்டாதீர்கள். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. 'ழ' போன்றவற்றின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் அட்டைத்துண்டு பிடிமானமின்றி உதிர்ந்துவிடும், எழுத்து ஓட்டை விழுந்தது போலாகிவிடும். எழுத்துகளைக் கறுப்புத் தாளில் வெட்டியெடுத்து, ஒளி ஊடுருவும் நெகிழித் தாளில் ஒட்டுங்கள். புள்ளியும் தன் இடத்தில் நிற்கும். தாளைச் சுவருக்கு அருகிலும் டார்ச்சைத் தொலைவிலும் வைத்தால் விளிம்பு கூர்மையாக வரும். 'நிழல்' என்ற பகுதியைத் தனித் தாளில் ஒட்டிக்கொண்டால், 'பிரி' அசையாமல் நிற்க, அது மட்டும் மெல்ல விலகிப் போகும்படி கையால் இழுக்கலாம். இழுக்கும் கையின் நிழல் ஃபிரேமுக்குள் விழாமல் இருக்கத் தாளின் அடியில் ஒரு நீண்ட குச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள்.